பூவளையத்தில் செருகிய மைக்

இல்லை என்றால் இல்லை. ஜெரலின் வேண்டுமென்றேதான் மைக்கைத் திறந்து வைத்தாள் என்று இன்னொரு தடவை யாராவது சொன்னால், என் வாசலில் கால் வைக்க வேண்டாம்.

ஜெரலின் எங்கள் தெருப் பெண். இலோய்லோ நகரக் கல்லூரியில் ஒலி, ஒளிப்பதிவு படித்தாள். எதிர்வீட்டு பெர்டிங் செத்தபோது அவர் மகன் ரோமெல் கப்பலில், நடுக்கடலில் இருந்தான். அப்பாவின் சவப்பெட்டியையாவது பார்க்க வேண்டும் என்று கேட்டான். ஜெரலின் கேமராவை வைத்து அவனுக்கு நேரலையில் காட்டினாள். ஜெபம் தெளிவாகக் கேட்க, மைக்கைப் பெட்டியருகே பூவளையத்தில் செருகினாள்.

ஜெபம் முடிந்ததும் மைக்கை அணைக்கத்தான் போனாள். "அணைக்காத ஜெரலின், வீட்டுச் சத்தம் காதுல விழட்டும்" என்றவன் ரோமெல். அவன் அம்மா நெனிதா பக்கத்தில் நின்று இதைக் கேட்டிருக்கிறாள். இன்று வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள்.

காப்பியும் பிஸ்கட்டும் வந்தன. பெட்டிக்குத் துணையாக இரவு விழித்திருக்க, வழக்கம்போல் சீட்டு மேசை போட்டார்கள். பெட்டியருகே இரண்டு கிழங்கள் குசுகுசுத்தன.

"ரோஹாஸ் ஊர்ல இருக்கிற அவனோட இன்னொரு குடும்பத்துக்குச் சேதி போச்சா?"

"மெதுவா பேசுங்க, பெர்டிங் எழுந்து உட்கார்ந்துடப் போறான்."

கடலில் இருந்தவனுக்கு அப்படித்தான் அந்தச் செய்தி தெரிந்தது.

அந்தக் கேள்வியைக் கேட்ட கிழம் யார்? நான்தான். மறைக்க என்ன இருக்கிறது?

ஜெரலினின் கடைசி வருடப் படம் எங்கள் தெருக் கப்பல்காரர்களின் மனைவிகளைப் பற்றியது. முகம் காட்டுகிற ஒவ்வொருவரும் சம்மதத் தாளில் கையெழுத்துப் போட வேண்டும். பதினொரு பேர் போட்டிருந்தோம். பெர்டிங் வீட்டுச் சேதி பரவிய ஒரே வாரத்தில் பத்துப் பேர் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். வீடு வீடாகப் போனேன்.

"நான்தான்டி பேசினேன், அவ இல்லை" என்றேன் லிண்டாவிடம்.

"பேசினது யாரா இருந்தா என்ன லோலா? கேக்க வெச்சது அவதானே?" என்று கதவைச் சாத்தினாள். இங்கே பாட்டியை லோலா என்றுதான் கூப்பிடுவார்கள்.

ரோமெலிடமும் ஃபோனில் ஒப்புக்கொண்டேன். எஞ்சின் இரைச்சலுக்கு நடுவே ஃபோனை வைத்துவிட்டான்.

என் கைநாட்டு மட்டும் மிச்சம். "என்னை வெச்சே படத்தை முடிடி" என்றேன்.

"முப்பது நிமிஷப் படம் முழுக்க நிறுத்தாம பேசுவீங்க, தெரியும்" என்று சிரித்தாள். ஆசிரியர் ஒத்துக்கொள்ளவில்லை. படம் இல்லையென்றால் பட்டம் இல்லை. இன்னொரு வருடம் படிக்க வைக்க அவள் அம்மாவால் ஆகாது.

மணிலாவில் உறவுக்காரர் துணிக்கடையில் வேலை என்று முடிவானது. புறப்படும் காலையில் என் வீட்டுக்குள் வந்து, ஆசி வாங்க என் கையை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டாள்.

"பேசினது நான்னு உனக்கு எப்பத் தெரியும்?"

"அன்னைக்கே தெரியும் லோலா. பதிவுல உங்க குரல்தான்."

"அப்புறம் ஏன்டி அன்னைக்கே எல்லாருக்கும் போட்டுக் காட்டலை? பழி என் மேல வந்திருக்கும், நீ தப்பிச்சிருப்பியே!"

"சம்மதம் கேக்காம ஒருத்தர் குரலை எப்படிப் போட்டுக் காட்டுறது?"

"இப்ப கேளு. இப்ப தர்றேன்."

"மணிலா படகுக்கு நேரமாச்சு லோலா" என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டினாள். தெருவில் ஒரு ஜன்னலும் திறக்கவில்லை.