மவுண்டன் பைக் வாங்கினேன்… கொழுந்து எடுத்தேன்!

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானத்துக்கு மேல், நான் கொழுந்து எடுத்தேன்.

சிரிக்காதீர்கள். நிஜமாகத்தான். வெள்ளை யூனிபோர்ம் கவுன், அதற்குக் கீழே கணவருடைய டிராக் பாட்டம், இடுப்பைச் சுற்றி ஒரு சாக்குப் படங்கு, தலையில் கூடைக் கயிறு… பலாங்கொடைக்கு மேலே ஒரு தோட்டத்தில் பதினோரு வருஷமாக மிட்வைப் வேலை பார்க்கிற நான், வாழ்க்கையில் முதல் தடவையாகத் தேயிலைக்கு நடுவில் நின்று இரண்டு கையாலும் பறித்தேன். கொழுந்துக் கங்காணி வந்தார். என்னைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். திரும்ப மாட்டிக்கொண்டார். பாவம் மனுஷன்!

எல்லாம் ஒரு சைக்கிளால் வந்தது.

எங்கள் தோட்டத்தில் டிஸ்பென்சரி கீழ் டிவிஷனில் இருக்கிறது. என் வீடும் அங்கேதான். மேல் டிவிஷனுக்கு நாலு கட்டை, அதாவது நாலு மைல் தூரம், முழுக்க ஏற்றம். வாரத்தில் மூன்று நாள் அங்கே, தாய்மார் மலைக்குப் போகும்போது பிள்ளைகளை விடுகிற பிள்ளைக் காம்பராவுக்குப் போய் குழந்தைகளை நிறுக்க வேண்டும், கர்ப்பிணிகளைப் பார்க்க வேண்டும். கொழுந்து லொறி கிடைத்தால் லொறி. இல்லாவிட்டால் நடராஜா சேர்விஸ்தான். முழங்கால் இரண்டும் பெட்டிஷன் எழுதத் தொடங்கியபோது கணவரிடம் சொன்னேன்:

"எனக்கு ஒரு மவுண்டன் பைக் வேணுங்க."

அவர் சாப்பாட்டுக் கோப்பையை வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஓட்டத் தெரியுமா உனக்கு?"

தெரியும். ட்ரெய்னிங் காலத்தில் ஹொஸ்டலில் சிநேகிதியின் சைக்கிளில் பழகியது. அதற்குப் பிறகு தொடவில்லை என்பதை நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

சனிக்கிழமை இரண்டு பேருமாக டவுனுக்குப் போனோம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சைக்கிள் கடை. புதுசும் இருக்கிறது, ஜப்பானிலிருந்து கொண்டெனரில் வந்து இறங்கிய பழசும் இருக்கிறது. வாசலிலேயே ஒன்று நின்றது பாருங்கள்… இரத்தச் சிவப்பு! இருபத்தொரு கியர், முன்னால் ஒரு ஸ்ப்ரிங், பின்னால் ஒரு ஸ்ப்ரிங். என் கணவர் அதன் பக்கத்தில் போய் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றுகொண்டார்.

"இதுதான். வேற பேச்சே வேணாம்."

"சைக்கிள் ஒங்களுக்கா, எனக்கா?"

கடை முதலாளிக்கு அறுபது வயசு இருக்கும். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, கையெல்லாம் கிறீஸோடு உள்ளேயிருந்து வந்தார். நான் எங்கே ஓட்டப் போகிறேன் என்று சிங்களத்தில் விசாரித்தார். தோட்டப் பெயரைச் சொன்னதும் தலையை ஆட்டினார்.

"ஏக கன்ன எப்பா, நங்கி." அதை வாங்காதே, தங்கச்சி!

தான் விற்க வைத்திருக்கும் சாமானை வாங்காதே என்று சொல்லும் முதலாளியை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். ஏன் என்று கேட்டேன். "தூக்கிப் பார்" என்றார். தூக்கினேன். முழங்கால் உயரத்துக்கு மேல் வரவில்லை. "ரோட்டில் மண் சரிந்து கிடந்தால் இதை யார் தூக்கித் தாண்டுவது? இவரைக் கூடவே கூட்டிப் போவாயா?" என்று என் கணவரைக் காட்டினார். மலிவு விலைக்குப் போடுகிற பின் ஸ்ப்ரிங் வெறும் ஷோவாம். ஏற்றத்தில் நாம் மிதிக்கிற மிதியில் பாதியை அதுவே தின்றுவிடுமாம்.

பிறகு உள்ளேயிருந்து ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தார். பழசு. மங்கிப்போன பச்சை. பெயின்ட் அங்கங்கே உரிந்திருந்தது. ஸ்ப்ரிங் கிடையாது. ஆனால் ஒரு கையால் தூக்கினேன், தோளுக்கு வந்துவிட்டது! நடுக்கம்பி சரிவாக இறங்கியிருந்ததால் கவுனோடு ஏறலாம். சீட்டில் உட்கார்ந்தபடி கால்விரல் நிலத்தில் ஊன்றியது. பிரேக் பிடி என் சின்னக் கைக்கு எட்டியது. டயர் நல்ல தடிப்பு. முன்னால் மூன்று பல்லுச் சக்கரம், அதில் கடைசி சின்னச் சக்கரம் இருக்கிறதே… அதுதான் மலை ஏற்றுகிற சாமி என்றார் முதலாளி. உடைந்தால் இதற்குப் பார்ட்ஸ் இந்த டவுனிலேயே கிடைக்கும். விலையும் சிவப்பில் பாதிக்குக் கீழே.

வாங்கப் போகிற வாசகிகளே, கலரைப் பார்க்காதீர்கள். தூக்கிப் பாருங்கள். அவ்வளவுதான் என் சிபாரிசு.

பணம் கொடுத்துக் கிளம்பும்போது முதலாளி கேட்டார்: "பெல் ஒன்று பூட்டட்டுமா?"

"வேண்டாம். பெல் அடித்து விற்கிற பாண்காரர் சைக்கிள் மாதிரி இருக்கும்."

ஸ்டைல் ஐயா, ஸ்டைல்! அவர் "ஹரி நங்கி", சரி தங்கச்சி, என்று விட்டுவிட்டார்.

முதல் வாரம் நான் மனுஷியாகவே இல்லை. ஏறும்போது நாலு கட்டைக்கு ஒரு மணித்தியாலத்துக்கும் மேல் ஆனது. ஓரிடத்தில் ஒரு கோழி என்னை முந்திக்கொண்டு போனது. ஆனால் இறங்கும்போது? மிதிக்கவே வேண்டாம். காற்று முகத்தில் அடிக்கிறது, வளைவு வளைவாகத் தேயிலை பின்னால் ஓடுகிறது, எட்டுத் திக்கிலும் ஒரு ஆள் இல்லை… முப்பத்தெட்டு வயசில் நான் சத்தம் போட்டுப் பாடினேன். லொறி டிரைவர்கள்கூட என் யூனிபோர்மைப் பார்த்து ஒதுங்கி வழி விட்டார்கள். ரோடே நம்முடையது என்று நினைப்பு வந்துவிட்டது.

இரண்டாவது வாரம் செவ்வாய்க்கிழமை. மூன்று மணி இருக்கும். மேல் டிவிஷனில் வேலையை முடித்துக்கொண்டு இறங்கினேன். அன்றைக்குப் பாட்டுக்கூட இல்லை, மூச்சுப் பிடித்துக்கொண்டு வேகமாக வந்தேன். ஒன்பதாம் நம்பர் மலையில் கொழுந்து எடுத்து முடித்த பெண்கள், ரோட்டைக் கடந்து பத்தாம் நம்பர் மலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். முதுகில் கூடை நிறையக் கொழுந்து. வளைவில் திரும்பினால் – முழு ரோட்டிலும் ஆட்கள்!

பிரேக்கைப் பிடித்தேன். சரளைக் கல்லில் டயர் வழுக்கியது. யாரோ "ஐயோ!" என்றார்கள். ஒருத்தி பாய்ந்து ஒதுங்கினாள். ஒதுங்கியவள் தண்ணீர் ஓடுகிற கானுக்குள் சறுக்கி விழுந்தாள். கூடை கவிழ்ந்தது. ரோட்டோரக் கானில் மழைத்தண்ணீரோடு அவளுடைய கொழுந்து முழுக்கப் பச்சையாகப் போய்க்கொண்டிருந்தது.

ராஜேஸ்வரி. அவளுடைய இரண்டாவது பிள்ளை என் கையில் பிறந்தது. பிள்ளையை நிறுக்கக் கொண்டுவரவில்லை என்று அந்த மாதம்கூட எல்லார் முன்னிலையிலும் அவளைத் திட்டியிருந்தேன்.

சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினேன். நல்ல காலம், முழங்காலில் சிராய்ப்பு மட்டும்தான். பையிலிருந்து மருந்தை எடுத்துத் துடைத்துக் கட்டினேன். அவள் காலைப் பார்க்கவே இல்லை. கானையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நெற போச்சே, மிஸ்ஸி."

மத்தியான நிறுவைக்குப் பிறகு எடுத்த கொழுந்து அவ்வளவும் சேறாகிவிட்டது. சேறு பட்டதைத் தராசில் வைக்க முடியாது. அந்தி நிறுவைக்கு ஒரு மணித்தியாலம்தான் இருந்தது. சொன்ன நிறை வராவிட்டால் அன்றைக்கு அரைப் பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான், விழும்.

"நான் கங்காணிகிட்ட சொல்றேன் ராஜேஸ். என் பிழைதானே. முழுப் பேர் போடச் சொல்றேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் தண்ணீர், ஆனால் குரலில் இல்லை. "நீங்க சொன்னா போடுவாரு மிஸ்ஸி. ஆனா இந்த வருசம் ஒரு நாளாவது எனக்கு நெற கொறஞ்சதில்ல. சொல்லி வாங்கின பேர் எனக்கு வேணாம்."

அப்போதுதான் பாக்கியம் முன்னால் வந்தாள். ராஜேஸ்வரியின் பக்கத்து நிரைக்காரி. வாய்க்குப் பேர்போனவள்.

"அப்ப கொட்டுனவங்களே எடுத்துக் குடுக்கட்டும்! மிஸ்ஸி, வாங்க, எறங்குங்க மலைக்கு!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பாக்கியம் சிரிக்கவில்லை. தன் படங்கில் ஒன்றை அவிழ்த்து என் இடுப்பில் கட்டி, ஒரு வெறுங்கூடையின் கயிற்றையும் தலையில் மாட்டிவிட்டாள்.

பறிப்பது என்றால் என்ன என்று நினைத்தீர்கள்? இரண்டு இலை, ஒரு அரும்பு. பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரியும். செய்து பாருங்கள்! என் ஒரு கை எடுப்பதற்குள் ராஜேஸ்வரியின் இரண்டு கையும் பத்துத் தடவை போய் வந்துவிடும். கால் வைத்த இடமெல்லாம் சறுக்கியது. அட்டை ஒன்று டிராக் பாட்டத்துக்குள் போய்விட்டது. நான் குதித்த குதியில் பக்கத்து மலையிலிருந்துகூடச் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"முத்தலை எடுக்காதீங்க மிஸ்ஸி! அது கொழுந்து இல்ல, கட்டை!"

"இப்பிடி வேல செஞ்சா எப்பிடி? நீங்க தானே சொல்லுவீங்க, பிள்ளைக்கு நெற ஏறல்ல, ஏறல்லன்னு… ஏத்திக் காட்டுங்க பார்ப்போம்!"

கடைசியாகச் சொன்னது ராஜேஸ்வரி. என்னை வாங்கு வாங்கென்று வாங்கினாள். பதினோரு வருஷம் நான் கொடுத்ததற்கு ஒரே மணித்தியாலத்தில் வட்டியும் முதலும்! ஆனால் அவள் சிரித்துக்கொண்டு திட்டினாள். நான் சிரித்துக்கொண்டு திட்டியதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கங்காணி தொப்பியைக் கழற்றி மாட்டிய கதை நடந்தது அந்த நேரத்தில்தான்.

நிறுவைக்குப் போனோம். ராஜேஸ்வரியின் கூடை தராசில் ஏறியது. முள் மெதுவாக ஏறி… சொன்ன நிறைக்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிட்டது. நான் எடுத்ததைப் பாக்கியம் கொட்டிப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பாதியை முத்தல் என்று வீசினாள். மிச்சம் ஒரு சின்னக் குவியல். அதை அள்ளி ராஜேஸ்வரியின் கூடையில் போட்டாள்.

முள் ஏறியது. நிறை வந்தது!

பரீட்சை ரிசல்ட்டுக்குக்கூட நான் அப்படிக் கத்தியதில்லை. என் இடுப்புப் படங்கை ராஜேஸ்வரியே அவிழ்த்தாள். கவுனில் ஒட்டியிருந்த கொழுந்துக் காம்பு ஒன்றை எடுத்துப் போட்டாள்.

கொழுந்து லொறி வரும்வரை உட்கார்ந்து பேசினோம். பேச்சென்ன, எனக்கு ரோட்டுப் பாடம் எடுத்தார்கள்.

வளைவுக்கு முன்னாலேயே சத்தம் கொடுக்க வேண்டும். சுமையோடு வருகிறவருக்கு மலைப்பக்கத்து ஓரத்தை விட வேண்டும், பள்ளத்துப் பக்கம் நாம்தான் போக வேண்டும். "சும்மா வார ஆளுக்குத்தானே ஒதுங்க ஏலும் மிஸ்ஸி, முதுகுல கூடை இருக்கவங்க எங்க ஒதுங்குறது?" என்றாள் பாக்கியம். தேங்கிய தண்ணீரில் வேகமாகப் போகக் கூடாது, சேலை நாசம். பஸ்ஸிலிருந்து ஆள் இறங்கும்போது இடைவெளியில் நுழையக் கூடாது. நாய் துரத்தினால் உதைக்கக் கூடாது, அதற்கும் இந்த ரோட்டில் பாத்தியதை உண்டு. இது ராஜேஸ்வரி சொன்னது. அது அவளுடைய நாய்.

அடுத்த நாளே பாண்காரர் சைக்கிள் பெல் ஒன்று பூட்டினேன். வளைவுக்கு வளைவு அடிக்கிறேன். யாராவது கூடையோடு வந்தால் இறங்கி நின்றுவிடுகிறேன். நேரம் கொஞ்சம் கூடத்தான் எடுக்கிறது. ஆனால் நிற்கிற இடத்தில் பிள்ளைகளைப் பற்றிக் கேட்கிறேன், அவர்களும் சொல்கிறார்கள். இந்த மாதம் பிள்ளைகளைக் காம்பராவுக்குக் கொண்டுவரச் சொல்லி நான் ஒருத்தியையும் திட்டவில்லை. கூட்டம் குறையவும் இல்லை. ராஜேஸ்வரி முதல் ஆளாகப் பிள்ளையோடு வந்து நின்றாள். நிறுத்து முடிந்ததும் பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, வெளியே சாத்தியிருந்த சைக்கிளையே பார்த்தாள்.

"மிஸ்ஸி… நாங்களும் இத ஓட்டலாமா?"

போன ஞாயிற்றுக்கிழமை தோட்டப் பள்ளிக்கூட மைதானத்தில் கிளாஸ் தொடங்கியது. ஆறு பேர் வந்தார்கள். பாக்கியம் இரண்டு தடவை விழுந்துவிட்டு, சைக்கிளைத் திட்டிவிட்டு, புல்லில் உட்கார்ந்து மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்கத் தொடங்கிவிட்டாள். ராஜேஸ்வரி மூன்று தடவை விழுந்தாள். நாலாவது தடவை நான் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடினேன், மூச்சு வாங்கியது, கையை விட்டேன்… அவள் போய்க்கொண்டே இருந்தாள்!

சேலை முந்தானையைச் செருகிக்கொண்டு, முதுகை நிமிர்த்திக்கொண்டு, மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும். எல்லாரும் கைதட்டினோம். அவளுடைய புருஷன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று விசில் அடித்தார்.

அப்போதுதான் அவள் திரும்பிப் பார்க்காமலே கத்தினாள்:

"மிஸ்ஸி! இத எப்பிடி நிப்பாட்டுறது?"

நேராகப் போய் மைதானத்தின் ஓரத்துத் தேயிலைக்குள் இறங்கினாள். செடி அவளைத் தொட்டில் மாதிரி தாங்கிக்கொண்டது. நாங்கள் ஓடிப் போவதற்குள் தலையில் இலையோடு எழுந்து நின்று, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

சைக்கிள் பழக்குகிறவர்களே… நிப்பாட்டுவதை முதலில் சொல்லிக்கொடுங்கள்!