நின்றுவிட்ட கட்டி

பாலிகஞ்சில் எங்கள் எதிர் ஃப்ளாட் பெண்மணியை நான் பௌதி என்றுதான் கூப்பிடுவேன். வங்க மொழியில் அண்ணி என்று அர்த்தம். என் கணவருக்கு அலிப்பூர் ஆபீசுக்கு மாற்றலாகி நாங்கள் இங்கே வந்ததிலிருந்து, இந்த ஊரில் எனக்குச் சொந்தம் என்று இருப்பவர் அவர் ஒருவர்தான்.

எனக்கு இங்கே ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. பிளாஸ்டிக் தட்டுகளில் செல் வளர்ப்பேன். நான் டாக்டர் இல்லை. ஆனாலும் எங்கள் மாடியில் யாருக்குத் தலைவலி வந்தாலும் என் கதவைத்தான் தட்டுவார்கள். எனக்கும் 'தெரியாது' என்று சொல்லிப் பழக்கமில்லை. வாய் சும்மா இருக்காது.

போன துர்கா பூஜைக்கு முன்னால் ஒரு நாள் பௌதி என் சமையலறைக்கு வந்து மெல்லச் சொன்னார். மார்பில் ஒரு கட்டி, கொண்டைக்கடலை அளவு. "முதல்ல கொஞ்சம் வளர்ந்துச்சு. இப்ப மூணு மாசமா அப்படியேதான் இருக்கு. வலியும் இல்ல. டாக்டர்கிட்ட போகணுமா?"

போங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நானோ என் தட்டுகளைப் பற்றி ஆரம்பித்தேன். நல்ல செல்கள் தட்டு நிறையும்வரை பெருகும். நாலு பக்கமும் பக்கத்துச் செல் இடித்து, இடம் நெருக்கமானால் பெருகுவதை நிறுத்திக்கொள்ளும். நடுவில் ஒரு கோடு கீறிவிட்டால், ஓரத்தில் இருப்பவை நகர்ந்தும் பெருகியும் அந்த இடத்தை அடைத்துவிட்டு மறுபடி நின்றுவிடும். புற்றுநோய்ச் செல்லுக்கு அந்த மரியாதை கிடையாது. இடமே இல்லாவிட்டாலும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் குவியும்.

அதுவரை சொன்னதெல்லாம் சரிதான். அதோடு வாயை மூடியிருக்க வேண்டும். "கெட்டதுக்கு நிக்கத் தெரியாது பௌதி. உங்களோடது நின்னுடுச்சு இல்ல? பயப்படாதீங்க" என்றேன். அவர் முகம் தெளிந்தது. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

தட்டை நான் மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறேன். பௌதி விரலால் தடவித்தான் பார்த்தார். புற்றும் மாதக்கணக்கில் விரலுக்குத் தெரியாத அளவு மெதுவாக வளரும், வேறு இடத்துக்கும் போகும். இது எனக்குத் தெரியாததில்லை. அன்றைக்கு என் சாமர்த்தியத்தைக் காட்டும் அவசரத்தில் இருந்தேன், அவ்வளவுதான். ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். நான் அரை வைத்தியர்கூட இல்லை.

பிப்ரவரியில் அவருக்கு அக்குளில் இன்னொரு கட்டி தட்டுப்பட்டது. பயாப்சி ரிப்போர்ட்டைப் படித்துச் சொல்ல என்னைத்தான் கூப்பிட்டார்கள். புற்று, அக்குள்வரை பரவியிருந்தது.

அவர் கணவர் அதிர்ந்து பேசாத மனிதர். அன்று குரல் உயர்ந்தது. "இத்தனை மாசமா யார்கிட்டயும் சொல்லலையா நீ?"

பௌதி என் பக்கம் திரும்பவே இல்லை. "யார்கிட்டயும் சொல்லல. பயமா இருந்துச்சு. என் தப்புதான்."

அவர் கணவர் என்னைப் பார்த்தார். "நீயே சொல்லும்மா, நீ படிச்சவ. உன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அன்னைக்கே கையோட ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருப்பே இல்ல?"

"ஆமாம்" என்றேன்.