மெஷின் ஓடட்டும்

என் அக்காவுக்குத் திக்குவாய். எனக்கு வாய் நீளம். இரண்டு பிள்ளைகளுக்கும் பங்கு வைக்க வேண்டிய பேச்சை ஒருத்தனுக்கே அள்ளிக் கொட்டிவிட்டார்கள் என்று அம்மா சொல்வாள். அக்கா ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் நான் முடித்துவிடுவேன். பள்ளிக்கூடத்தில், கடையில், பின்னாளில் அவள் நடத்தும் சலவைக்கூடத்தின் போனில். அதை உதவி என்றே நாற்பது வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

சலவைக்கூடம் அவள் தனியாகப் பாடுபட்டு எழுப்பியது. மூன்று துவைக்கும் மெஷின், இரண்டு டிரையர், நீளமான இஸ்திரி உருளை ஒன்று, ஏழு பெண்கள். தங்கும் விடுதிகளின் விரிப்புகளை நம்பி ஓடியது. பெரிய விடுதி சொந்தமாக மெஷின் வாங்கிக்கொண்டதும் பாதி நாள் டிரையர்கள் சும்மா நின்றன. அப்போதுதான் ஒரு குழந்தைகள் மருத்துவமனை துணி துவைக்க ஆள் தேடியது. எப்படிச் சுத்தம் செய்கிறீர்கள் என்று மூன்று நிமிட வீடியோ அனுப்ப வேண்டுமாம். உரிமையாளரே பேச வேண்டுமாம். இந்த வேலை கிடைக்காவிட்டால் ஏழு பேரில் நாலு பேரை நிறுத்த வேண்டியதுதான். அதை நினைத்து அக்கா சரியாகச் சாப்பிடவில்லை.

வீடியோ கம்பெனியைப் பிடித்தது நான். அக்காவுக்குத் தெரியாமல் அதன் இயக்குநரான பெண்மணியிடம் ஒரு வார்த்தை போட்டு வைத்தேன்: "அக்கா சும்மா வாயசைக்கட்டும். குரலுக்கு வேற ஆளைப் போட்டுக்கலாம்."

"முதல்ல அவங்க பேசிப் பாக்கட்டும் சார்" என்றார் அவர்.

மூன்று பேர் வந்தார்கள். இயக்குநர், கேமராக்காரர், ஒலிப்பதிவு செய்கிறவர். இந்த மூன்றாமவரின் மைக்குக்குக் கம்பளிக் குல்லா போட்டிருந்ததால் எங்கள் பெண்கள் அவருக்குக் குல்லாக்காரர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். வந்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்: "எல்லா மெஷினையும் நிறுத்துங்க. ஃபேனையும்தான்."

கூடம் அமைதியானது. அக்கா கேமரா முன் நின்றாள். "அழுக்குத் து… து… து…" என்று நின்றுவிட்டாள். நான் பின்னாலிருந்து "துணி!" என்றேன். இயக்குநர் என்னை முறைத்தார். ஐந்து முறை எடுத்தார்கள். ஐந்தாவது முறை அக்காவின் கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டது. இயக்குநரே தளர்ந்துபோய், வேறு குரலைப் பற்றி யோசிக்கலாம் என்று என் காதில் சொன்னார். அக்காவுக்கும் அது கேட்டுவிட்டது. தண்ணீர் குடிக்கப் போனாள்.

இடைவேளையில், ஈரத் துணி ஊறிக் கிடக்கிறதே என்று ஏழு பேரில் ஒருத்தியான இஸ்திரிக்காரம்மா டிரையர்களைப் போட்டுவிட்டாள். கூடமே அதிர்ந்தது. அக்கா அந்தக் கோடியிலிருந்து கத்தினாள்: "ஏய், அந்தக் கூடையை இந்த வாசல் பக்கம் கொண்டு வராதே! சுத்தம் ஆனது அந்தப் பக்கமாத்தான் போகணும், எத்தனை தடவை சொல்றது!"

குல்லாக்காரர் ஹெட்போனைக் கழற்றவே இல்லை. அக்காவின் சட்டையில் அவர் குத்தியிருந்த குட்டி மைக்கும் அப்படியே இருந்தது. அவர் என்னிடம் வந்து, "சத்தத்துல இவங்க எப்பவும் இப்படித்தான் பேசுவாங்களா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. கூடப் பிறந்தவன் நான், எனக்குத் தெரியவில்லை. இஸ்திரிக்காரம்மாதான், "அவங்க சத்தத்துல நல்லாத்தான் பேசுவாங்க. எங்களைத் திட்டுறப்போ ஒரு எழுத்து தப்பாது" என்றாள்.

"எல்லா மெஷினையும் போடுங்க" என்றார் குல்லாக்காரர்.

"என்னத்தைக் கேக்கும்?" என்று இயக்குநர் பதறினார்.

"அது என் பாடு. இத்தனை வருஷமா சத்தத்தை நிறுத்து, நிறுத்துன்னே சொல்லிட்டிருக்கேன். இன்னிக்கு ஒரு நாள் ஓடட்டும்."

அந்தக் குட்டி மைக்கை அக்காவின் உதட்டோரம் ஒட்டினார். டிரையர் இரண்டும், மெஷின் மூன்றும், உருளையும் ஓட, அக்கா பேசினாள். "அழுக்குத் துணி இந்த வாசல்ல வரும். சுத்தமாகி அந்த வாசல்லதான் வெளிய போகும். திரும்பி வராது. ஒரு குழந்தை படுத்த விரிப்புல நாளைக்கு இன்னொரு குழந்தை படுக்கணும். என் முகத்தைப் புதைச்சுத் தூங்க முடியும்னாத்தான் நான் அனுப்புவேன்." இரண்டு இடத்தில் திக்கியது. வெட்டிவிடலாமா என்று இயக்குநர் கேட்டதற்கு, இருக்கட்டும் என்று தலையாட்டினாள். அந்த இரைச்சலிலிருந்து அவள் குரலைப் பிரித்தெடுக்கக் குல்லாக்காரர் நாலு நாள் உட்கார்ந்தாராம். அந்த மனுஷன் நன்றாயிருக்க வேண்டும்.

இரண்டு வாரம் கழித்து, சாப்பாட்டு வேளையில், மெஷின் எல்லாம் நின்றிருந்தபோது போன் அடித்தது. வழக்கம்போல எடுத்தேன். மருத்துவமனைத் தலைமை நர்ஸ்.

"உரிமையாளர் இருக்காங்களா?"

என்னிடமே சொல்லுங்கள் என்று வாயெடுப்பதற்குள் அக்கா கையை நீட்டினாள். கொடுத்தேன்.

"நா… நா… நா…" என்றாள். என் நாக்கு துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். அந்தப் பக்கமும் யாரும் குறுக்கே பேசவில்லை.

"நான்தான் பேசறேன்" என்றாள் அக்கா. கொஞ்ச நேரம் கேட்டாள். சுவரில் தொங்கிய காலண்டரில் ஒன்றாம் தேதியைச் சுற்றி வட்டம் போட்டாள். ஏழு பெண்களும் சாப்பாட்டுக் கையோடு எழுந்து நின்றார்கள்.

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். ஒரு எழுத்துகூட வெளியே வரவில்லை. அக்கா அவசரப்படுத்தவில்லை, நான் சொல்லி முடிக்கட்டும் என்று காத்திருந்தாள்.