செத்த முட்டைக்குப் போடும் குறி

"இன்னா சரளா, உன் புள்ளைக்கும் ஆபீஸ்ல அந்த விழாப் புத்தகம் குட்த்தாங்களாமே? எட்த்துனு வா. நடுப் பக்கத்துல முட்டை ட்ரே போட்டோ ஒண்ணு கீது. அத்தப் பார்த்துட்டுத்தான் ராத்திரி எனக்கு சோறு எறங்கல."

நேற்று எங்கள் வைரஸ் ஆராய்ச்சிக் கூடத்தில் ஆண்டு விழா. பக்கத்து வீட்டுச் சரளாவின் மகன் இப்போது அங்கேதான் வேலை பார்க்கிறான். பழைய ஊழியர் என்று என்னையும் கூப்பிட்டுச் சால்வை போட்டார்கள். சந்தோஷம்தான், இல்லையென்று சொல்லவில்லை. நல்ல கனமான சால்வை. பிரியாணியும் பரவாயில்லை. ஆனால் மைக்கைப் பிடித்த ஒரு தம்பி, பாரிவாக்கத்துக் கோழி வைரஸைக் கண்டுபிடித்தது அந்தக் காலத்து டைரக்டர் என்று சொன்னான். நான் எழுந்துவிட்டேன்.

"தம்பி, அது அவரு இல்லபா. எங்க கமலவேணி டாக்டரம்மா."

"பாட்டி, சாப்பிட்டீங்களா? உக்காருங்க, உக்காருங்க" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். சால்வை போட்டால் வாயையும் சேர்த்து மூடிவிடலாம் என்று நினைப்பு.

நான் அங்கே பாட்டில் கழுவத்தான் சேர்ந்தேன். ஒரு நாள் டாக்டரம்மா என்னை இருட்டு அறைக்குள் கூட்டிப் போனார். மரப்பெட்டிக்குள் பல்பு, மேலே ஒரு ஓட்டை. ஓட்டையில் முட்டையை வைத்தார். அடேயப்பா! உள்ளே சிவப்பு சிவப்பாக நரம்பு, நடுவில் துளியூண்டு குஞ்சு துள்ளுகிறது. நான் கத்தியே விட்டேன். என் மகனை வயிற்றில் சுமந்தபோதுகூட அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. அப்போது ஏது ஸ்கேன்!

"பார்த்தியா எல்லம்மா? உயிர் இருந்தா வட்டம் போடு. செத்திருந்தா பெருக்கல் போடு. இனிமே இதுதான் உன் வேலை."

வைரஸ் உயிருள்ள இடத்தில்தான் வளருமாம். அதனால் உயிருள்ள முட்டையில் ஊசி போட்டு, ஓட்டையை மெழுகால் அடைத்து, இன்குபேட்டரில் வைப்பார்கள். அந்தக் கூடத்தில் முட்டை அறையை முதன்முதலில் ஏற்படுத்தியவரே அவர்தான். பூந்தமல்லியிலிருந்து பஸ்ஸில் வருவார். சாம்பிள் வைத்த ஐஸ் பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, நிற்க இடமில்லாத பஸ்ஸிலும் ஏறுவார். கண்டக்டர் மீன் பெட்டி என்று நினைத்துச் சண்டை போட்டிருக்கிறான்.

பாரிவாக்கத்தில் வீட்டுக்கு வீடு கோழி செத்துக்கொண்டிருந்த சமயம். தீவனத்தில் விஷம் என்றார் டைரக்டர். டாக்டரம்மா செத்த கோழியிலிருந்து சாம்பிள் எடுத்துப் பத்து முட்டையில் போட்டார். இன்னும் பத்தில் வெறும் உப்புத் தண்ணீர். முதல் நாள் எல்லாமே உயிரோடு இருந்தன. மூன்றாம் நாள் சாம்பிள் போட்ட பத்தும் போய்விட்டன. உப்புத் தண்ணீர் போட்ட பத்தும் துள்ளின. வைரஸ்தான் என்று எனக்கே புரிந்துவிட்டது, டைரக்டருக்குப் புரியவில்லை.

"கைநாட்டு வைக்கிறவ பொறுக்கிக் கொடுத்த முட்டையை நம்பி வைரஸ்னு ரிப்போர்ட் எழுதுவீங்களா மேடம்? செத்த முட்டையையே கொடுத்திருப்பா. எல்லாத்தையும் கொளுத்துங்க."

கொளுத்தினால் வைரஸும் போச்சு, டாக்டரம்மாவின் உழைப்பும் போச்சு. அவர் குரலை உயர்த்தவே இல்லை.

"அவ கண்ணை நீங்களே சோதிச்சுப் பாருங்க சார்" என்றார்.

டைரக்டர் தன் ஏ.சி. அறையிலேயே உயிருள்ளதும் செத்ததுமாக ஒரு ட்ரே முட்டையைக் கலந்து வைத்து, பல்புப் பெட்டியோடு என்னைக் கூப்பிட்டார். வட்டம், பெருக்கல், வட்டம் என்று போட்டுக்கொண்டே வந்தேன். ஒரு முட்டையில் நரம்பு நன்றாக இருந்தது, குஞ்சுதான் அசையவில்லை. நான் குறி போடாமல் நின்றேன்.

"என்ன முழிக்கிறே? அது செத்துது. பெருக்கல் போடு."

"சாவல சார். உன் ரூம்புல குளுந்து பூட்சி. செத்த இரு."

அவரை ஒருமையில் பேசிவிட்டேன், வாய் பழக்கம். முட்டையை இரண்டு உள்ளங்கைக்குள்ளும் பொத்தி வைத்துக்கொண்டு நின்றேன். டாக்டரம்மா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி வெளிச்சத்தில் வைத்தேன். ஒரு துள்ளு துள்ளியது பார்! வட்டம் போட்டு டைரக்டர் கையிலேயே கொடுத்தேன். மற்றதையும் அவரே உடைத்துப் பார்த்தார். நான் போட்ட குறி ஒன்றுகூடத் தப்பாகவில்லை.

சாம்பிள் போட்ட முட்டைகள் நெருப்புக்குத் தப்பின. வைரஸ் உறுதியானது. ஊருக்குத் தடுப்பூசியும் வந்தது. ரிப்போர்ட்டில் மட்டும் டைரக்டர் பெயர்! முட்டை அறைக்குள் தலை நீட்டிக்கூடப் பார்க்காத மனுஷன்!

நான் குதித்தேன். டாக்டரம்மா சிரித்தார். "கோழி சாகறது நின்னுச்சா இல்லியா? போ, அடுத்த ட்ரேயைக் கொண்டு வா."

இன்றைக்கும் அவர் மேல் எனக்கு அந்த ஒரு கோபம் உண்டு. அன்றைக்கே அவர் சண்டை போட்டிருந்தால், நேற்று அந்தத் தம்பிக்கு என்னை உட்கார வைக்கும் தைரியம் வந்திருக்குமா? இப்போது அவரும் இல்லை. அவருக்காகப் பேசப் பிள்ளைகுட்டியும் இல்லை. நம் வேலைக்கு நம் பெயரை அன்றைக்கே கேட்டு வாங்கிவிட வேண்டும். முப்பது வருஷம் முட்டை பார்த்ததில் நான் கற்றது அதுதான்.

ராத்திரி பேத்தியிடம் புத்தகத்தைக் கொடுத்து, அந்தப் போட்டோவுக்குக் கீழே யார் பெயர் என்று கேட்டேன். டைரக்டர் பெயரைப் படித்தாள். எந்த இடம் என்று விரலை வைத்துக் காட்டச் சொன்னேன். பேனாவை வாங்கி, அந்தப் பெயர் மேல் பெரிதாக ஒரு பெருக்கல் போட்டேன். போட்டோவின் ஓரத்தில் ட்ரேயைப் பிடித்துக்கொண்டு பாதி முகமாக டாக்டரம்மா நிற்கிறார். அந்த முகத்தைச் சுற்றி ஒரு வட்டம். பக்கத்தில் அவர் பெயரைப் பேத்தியை எழுத வைத்தேன்.

"இன்னா முழிக்கிறே? உன் புள்ள புத்தகத்தையும் குடு, போட்டுத் தர்றேன். அவன் கூட வேலை செய்றவங்களுதையும் வாங்கினு வரச் சொல்லு. ஐயோ, குக்கர் அஞ்சாவது விசில் அடிக்குது, பருப்பு குழைஞ்சிரும். பேனாவை அங்கியே வை, எங்கியும் எட்த்துனு போயிடாத!"