வாசிக்கிறவன் எழுத முடியாது

மாஸ்டரின் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சிறிய தகர டப்பா இருக்கும். உள்ளே பனங்கற்கண்டும் வால்மிளகும். வகுப்பு தொடங்கும் முன் இரண்டையும் வாயில் ஒதுக்கிக்கொண்டு, தொண்டையைச் செருமி, எங்களை ஒரு பார்வை பார்ப்பார். அறுபதுகளின் தொடக்கத்தில், தென்காசி கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு ஜவுளிக்கடை மாடியில் அவர் சுருக்கெழுத்துப் பயிற்சி நிலையம் நடத்திவந்தார். நான் அங்கே மாணவன். சுருக்கெழுத்து வாத்தியாருக்குக் குரல்தான் முதல். அவர் ஆங்கிலத்தில் வாசித்துக்கொண்டே போக வேண்டும், நாங்கள் கோடுகளாகவும் புள்ளிகளாகவும் எழுதிக்கொண்டே போக வேண்டும். காலையிலிருந்து விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் ஒரு அணி மாற்றி ஒரு அணிக்கு அந்த மனிதர் வாசித்துக்கொண்டே இருப்பார்.

முதல் நாளே கறாராகச் சொல்லிவிடுவார். "ஏலே, நா ஒரு தடவைதான் சொல்லுவேன். விட்டது விட்டதுதான். பரீட்சைல ஒருத்தனும் ஒனக்காவ திருப்பிச் சொல்ல மாட்டான்." அவ்வளவு கண்டிப்பு இருந்தும் அவர் வகுப்பில் யாருக்கும் கொட்டாவி வந்ததில்லை. சரக்கு வந்து சேராத வியாபாரியின் கடிதம் என்றால் வியாபாரியாகவே மாறிக் கோபப்படுவார். கலெக்டர் ஆபீஸ் உத்தரவு என்றால் இல்லாத மீசையை முறுக்கிக்கொள்வார். நாங்கள் சிரித்துக்கொண்டே எழுதுவோம். எவ்வளவு வேகமாக எழுதியிருக்கிறோம் என்பது முடித்த பிறகுதான் தெரியும்.

அந்த வருஷச் சாரல் மழைக் காலத்தில் அவர் குரல் உடைந்தது. முதலில் சளி என்றார். பிறகு வாக்கியத்தின் நடுவில் காற்று மட்டும் வந்தது. பேசவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பேசாவிட்டால் அவர் வீட்டில் அடுப்பு எரியாது. பரீட்சையோ நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்கு மிஷன் பள்ளிக்கூடத்து ஆங்கிலம், குரலும் கணீரென்று இருக்கும். ஒருநாள் புத்தகத்தை என் கையில் கொடுத்து, "நீ வாசிலே. இவனுவள எப்பிடியாவது தேத்திரணும்" என்றார்.

முதல் வாரம் பெருமையில் மிதந்தேன். வியாபாரியாகக் கோபப்பட்டேன், மீசையை முறுக்கினேன், எல்லாரும் சிரித்தார்கள். அப்புறம்தான் உறைத்தது. வாசிக்கிறவன் எழுத முடியாது. சுருக்கெழுத்துக்குத் தினமும் கை ஓட வேண்டும். நாலு நாள் விட்டால் விரல் மரத்துப்போகும். எனக்கோ அதுதான் கடைசி வாய்ப்பு. அரசு வேலைக்கான வயது வரம்பு அந்த ஆண்டோடு எனக்கு முடிந்தது. தவறவிட்டால் அச்சன்புதூரில் அப்பாவோடு பிறத்தியார் வயலில் இறங்க வேண்டியதுதான். வீட்டிலோ நான் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தேவிட்ட மாதிரி பேசிக்கொண்டிருந்தார்கள். தனியாகப் பழகலாம் என்றால் எனக்கு வாசிக்க ஆள் வேண்டாமா? கூட்டாளிகளைக் கேட்டால், "நாளைக்கு வாசிக்கேன்டே" என்று பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. அவரவருக்கு அவரவர் பயம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர் என்னைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போனார். மூலிகைத் தண்ணீர் தலையில் விழுந்தால் தொண்டை திறந்துகொள்ளும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். டாக்டர் கேட்டிருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார். மாஸ்டர் பேரருவியில் தலையைக் கொடுத்துக் கண்ணை மூடி நின்றார். பக்கத்தில் நான். நேருக்கு நேர் கேட்கத் துணிவில்லாமல், அந்த இரைச்சலுக்குள் கத்தினேன். "மாஸ்டர், என்னைய விட்டுருங்க! நானும் எழுதணும்!"

கேட்டிருக்காது என்றுதான் நினைத்தேன். வெளியே வந்து பாறையோரம் உட்கார்ந்து துண்டைப் பிழிந்தவர், என் காதோரம் குனிந்தார். "கேட்டுச்சுலே" என்றார். "நீயும் நின்னுட்டேன்னா நாளைக்கே அம்புட்டுப் பேரும் போயிருவானுவ. கல்யாணத்துக்கு நிக்கிற பொம்பளப் புள்ளையள வச்சிக்கிட்டு நா எங்கன போவேன்? சாயங்காலம் ஒனக்கு மட்டும் நா வாசிக்கேன்." சொல்லிவிட்டு அழுதார். முகமெல்லாம் ஈரம். தோள் குலுங்கியதை வைத்துத்தான் அழுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. அதே நேரம் அவர் மேல் அடக்க முடியாத ஆத்திரமும் வந்தது. இரண்டையும் சேர்த்து விழுங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். எல்லாரும் போன பிறகு, பெஞ்சில் என்னை ஒட்டி உட்கார்ந்து, தொண்டையைப் பிடித்துக்கொண்டு வாசிப்பார். ஒவ்வொரு சொல்லும் கீறிக்கொண்டு வந்தது. போதும் மாஸ்டர் என்று சொல்ல நினைப்பேன், சொல்ல மாட்டேன். எனக்கு அந்தச் சொற்கள் வேண்டியிருந்தன. ஒரு வாரம் போயிருக்கும். ஒருநாள் கடிதத்தின் முதல் வரியைத் தொடங்கியவர் பாதியில் நின்றார். வாய் அசைந்தது, சத்தம் இல்லை. அன்றைக்குப் போன குரல் பிறகு திரும்பவே இல்லை.

பரீட்சை பாளையங்கோட்டையில் நடந்தது. தேர்வாளர் நல்ல குரல்காரர். வாசிக்கத் தொடங்கினார். நான் எத்தனையோ முறை வாசித்த மாதிரிக் கடிதம். என் உதடு அவரோடு சேர்ந்து வாசித்தது. எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், எங்கே குரலைத் தாழ்த்த வேண்டும் என்றே மனம் ஓடியது. கை எழவில்லை. சுற்றிலும், நான் வாசித்துப் பழக்கிய பென்சில்கள் ஓடும் சத்தம். குனிந்து பார்த்தால் என் தாளில் அரை வரிகூட இல்லை. இன்றைக்கும் டெலிவிஷனில் யாராவது செய்தி வாசித்தால் என் உதடு கூடவே அசைகிறது. பேரப்பிள்ளைகள் கேலி செய்கிறார்கள். நானும் சிரித்துவைக்கிறேன்.

கூடப் படித்தவர்கள் எல்லாரும் தேறினார்கள். ஒவ்வொருவராக வேலைக்குப் போனார்கள். மாஸ்டருக்கு மாலை போட்டார்கள், எனக்குக் கை கொடுத்தார்கள். புது அணி சேர்க்கிற அன்று மாஸ்டர் நாற்காலியில் இருந்தார், நான் பக்கத்தில் நின்றேன். எனக்குப் போக வேறு இடம் இல்லை.

திருவேங்கடம் ஊர்ப் பக்கத்திலிருந்து, வெள்ளாமை பார்க்கிற ஒரு சம்சாரி, மகனைக் கூட்டிக்கொண்டு படியேறி வந்தார். வெயிலில் கறுத்த மனிதர். "நல்லாப் படிச்சா கவர்மெண்டு வேலை கெடைச்சிருமா சார்வாள்?" என்று மாஸ்டரிடம் கேட்டார். மாஸ்டர் பழக்கத்தில் வாயைத் திறந்தார், மூடினார், என்னைப் பார்த்தார். ஆமாம் என்று சொன்னால் ஒரு மாணவன் கூடுவான். எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை.

"உறுதியாச் சொல்ல முடியாது அண்ணாச்சி. கூடப் படிச்சவங்களுக்குக் கெடைச்சுது. எனக்குக் கெடைக்கல" என்றேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு மகனை எனக்கு முன்னால் தள்ளினார். "கெடைக்காட்டியும் ஒங்கள மாதிரி இங்கன ஒரு வாத்தியார் வேலையாவது கெடைக்கும்லா? வெயில்ல நிக்காண்டாம். அது போதும் எங்களுக்கு."

அவர் கேலி செய்யவில்லை, மனதாரத்தான் சொன்னார். மாஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த மனிதர் கண்ணுக்கு நான் வேலை கிடைத்தவன். பையனின் பெயரைக் கேட்டேன்.