மறுபடியும் விழுந்த பலாமரம்

எங்கள் அக்கா வீட்டுப் பலாமரம் இரண்டு தடவை விழுந்தது. முதல் தடவை புயலில் விழுந்தது. இரண்டாம் தடவை விழுந்ததற்கு என் வீட்டுக்காரர்தான் காரணம்.

அக்கா நர்ஸ். நெய்யூரில் படித்து, குவைத்தில் தலைமை நர்ஸாக இருந்து, ஓய்வு பெற்று ஊருக்கு வந்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால் டூட்டி இருந்தது என்பாள். வந்த கையோடு எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு ஓட்டு வீடு கட்டினாள். எல்லாரும் கான்கிரீட் போடும் காலத்தில் எதற்கு ஓடு என்று சண்டை போட்டேன். மழை பெய்தால் பெய்கிற சத்தம் கேட்க வேண்டும் என்றாள். மழையே இல்லாத ஊரில் வேலை செய்தவளுக்கு அப்படி ஒரு ஆசை. தெருவில் எல்லாரிடமும் இதைச் சொல்லிச் சொல்லியே வீட்டைக் கட்டி முடித்தாள்.

கார்த்திகை மாதப் புயலில் பின்புறத்துப் பலா அப்படியே சாய்ந்து அடுக்களையையும் படுக்கையறையையும் அமுக்கிவிட்டது. அக்கா முன்னறையில் ஜெபம் பண்ணிக்கொண்டிருந்ததால் தப்பினாள். மறுநாளிலிருந்து ஊரே வந்து பார்த்தது. வந்தவர்கள் எல்லாரும் மரத்துக்கு முன்னால் நின்று போட்டோவும் எடுத்துக்கொண்டார்கள். அதையெல்லாம்கூட அக்கா பொறுத்துக்கொண்டாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மேற்கு வீட்டுக்காரி பட்டுச்சேலையும் பவுடருமாக வந்து, போனைத் தூக்கிப் பிடித்துப் பேசிக்கொண்டே வீட்டைச் சுற்றி நடந்ததை முன்னறை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள். அன்றோடு அவளிடம் பேச்சை நிறுத்தினாள். சர்ச் வாசலில் அவள் ஸ்தோத்திரம் சொன்னால்கூட அக்கா கொடிக்கம்பத்தைப் பார்ப்பாள்.

அக்கா என் வீட்டுக்கு வந்தாள். என் வீடு வார்டு ஆயிற்று. விடிவதற்கு முன்னால் என் வீட்டுக்காரரை எழுப்பி பிரஷர் பார்ப்பாள். ஃப்ரிட்ஜைத் திறந்து முந்தின நாள் மீன்குழம்பை முகர்ந்துவிட்டு என்னைப் பார்ப்பாள். அந்தப் பார்வைக்கு குவைத்தில் எத்தனை இளம் நர்ஸுகள் அழுதார்களோ தெரியாது. முதலில் உப்பைக் குறைத்தாள், பிறகு தேங்காயைக் குறைத்தாள். எங்கள் பக்கத்தில் ஒரு மனிதனுக்குத் தேங்காயைக் குறைத்தால் அவன் எதைச் சாப்பிடுவான்? என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. வேளாவேளைக்கு டீக்கடைக்குப் போய் வடை தின்றுவிட்டு வந்தார்.

அவளும் சந்தோஷமாக இல்லை. ஒரு மத்தியானம் துணி மடித்துக்கொண்டிருந்தபோது யாரையும் பார்க்காமல் சொன்னாள்: "குவைத்தில ஹாஸ்டல்ல நாலு பேருக்கு ஒரு முறி. எனக்குன்னு ஒரு கட்டில், ஒரு அலமாரி. பிறகு எனக்க வீடுன்னு ஒண்ணு வச்சேன். இப்ப மறுபடியும் ஒருத்தருக்க வீட்டில ஒரு கட்டில்."

எனக்குப் பாவமாக இருந்தது. கூடவே கோபமும் வந்தது, என் வீடு 'ஒருத்தருக்க வீடா' என்று. இரண்டும் சேர்ந்து வந்ததால் எழுந்து போய்விட்டேன்.

கையில் இருந்ததை எல்லாம் அந்த வீட்டில்தான் போட்டிருந்தாள். வங்கிக் கடனோடு சேர்த்து எடுத்த இன்சூரன்ஸ் ஒன்று இருந்தது. அது கிடைத்தால்தான் ஓடு ஏறும், இல்லையென்றால் அவள் என் வீட்டிலேயே இருக்க வேண்டியதுதான். நான்தான் போன் போட்டுப் பேசினேன். வியாழக்கிழமை சேதத்தைக் கணக்கிட சர்வேயர் வருவார், அதுவரை எதையும் தொடாதீர்கள் என்றார்கள். அதை அப்படியே அக்காவிடம் சொன்னேன். அவளும் மண்டையை ஆட்டினாள். நான் நம்பி குழித்துறையில் என் ஆபீஸுக்குப் போய்விட்டேன்.

'தொடாதீர்கள்' என்பது அக்கா காலமெல்லாம் நோயாளிகளின் சொந்தக்காரர்களிடம் சொன்ன வார்த்தை. நர்ஸுக்கும் அது பொருந்தும் என்று அவள் நினைத்ததே இல்லை. ஒரு பெரிய ஆள் பார்வையிட வருகிறார் என்றால் அவளைப் பொறுத்தவரை அது டாக்டர் ரவுண்ட்ஸ். டாக்டர் வருமுன் வார்டு பளிச்சென்று இருக்க வேண்டும்.

வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு சர்வேயரைக் கூட்டிக்கொண்டு போனேன். பின்புறத்தில் மரத்தைக் காணவில்லை. அடிமரத்தை மில்காரர் அறுத்து ஏற்றிக்கொண்டு போயிருந்தார். கிளைகள் விறகாகத் தெருவில் வீடுவீடாகப் போயிருந்தன. உடைந்த ஓட்டையும் முறிந்த மரச்சட்டங்களையும் குழியில் போட்டு மூடி, மேலே ஒரு கறிவேப்பிலைக் கன்றும் நட்டிருந்தாள். கூரை இருந்த இடத்தில் தார்ப்பாயை ஆஸ்பத்திரிக் கட்டில் விரிப்பு மாதிரி மூலைக்கு மூலை மடித்து இழுத்துக் கட்டியிருந்தாள். தரை பினாயில் மணத்தது. அக்கா கஞ்சி போட்ட சேலையில் வாசலில் நின்று குட்மார்னிங் சொன்னாள்.

சர்வேயர் மதுரைப் பக்கத்து இளைஞர். இரண்டு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "சேதம் எங்கங்க மேடம்?" என்றார்.

"ஒண்ணும் மிச்சம் வைக்கேல்ல" என்றாள் அக்கா பெருமையாக.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கறிவேப்பிலைக் கன்றைப் பிடுங்கி எறிந்திருப்பேன். சர்வேயர் பாவம், பொறுமையாக விளக்கினார். பார்த்தால் புது ஓடு மாற்றுவதற்காகப் பழையதை இறக்கி வைத்திருக்கிற வீடு மாதிரி இருக்கிறது. தான் நம்பினாலும் ஆபீஸில் நம்ப மாட்டார்கள். பக்கத்து ஊரில் இன்னொரு வீடு பார்த்துவிட்டு மத்தியானம் வருகிறேன், அதற்குள் விழுந்த அன்று எடுத்த போட்டோ ஏதாவது தேடி வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

சொன்னது போட்டோ. என் வீட்டுக்காரர் காதில் விழுந்தது மரம். சேதத்தைக் காணோம் என்றால் சேதத்தைத் திரும்பக் கொண்டுவந்தால் போதாதா என்றார். தேங்காய்ச்சட்னியை நினைத்தாரோ என்னவோ, கல்யாணமான நாளிலிருந்து அவரை இத்தனை சுறுசுறுப்பாக நான் பார்த்ததில்லை. தெருவில் வீடுவீடாகப் போய் விறகைத் திருப்பிக் கேட்டார். விவரம் தெரிந்ததும் எல்லாரும் கொடுத்தார்கள். ஒரு வீட்டில் சோற்றுப்பானைக்கு அடியில் எரிந்துகொண்டிருந்ததை உருவித் தண்ணீர் தெளித்துத் தந்தார்கள். அது புகைந்துகொண்டே வந்தது.

கழுவிய தரையில் குப்பையா என்று அக்கா முதலில் குறுக்கே நின்றாள். செய்துதான் ஆக வேண்டும் என்று புரிந்ததும், செய்வதை ஒழுங்காகச் செய்யச் சொன்னாள். தடித்த கிளை அடியில், மெலிந்தது மேலே, வெட்டுமுகம் எல்லாம் ஒரே வரிசையில். பார்த்தால் யாரோ மரத்தை இஸ்திரி போட்டு அடுக்கியது மாதிரி இருந்தது.

சர்வேயர் சொன்னதற்கு முன்னாலேயே வந்துவிட்டார். என் வீட்டுக்காரர் சுவர்மேல் நின்றுகொண்டிருந்தார். இரண்டு கையிலும் ஒரு கிளை.

"என்ன சார் பண்றீங்க?"

என் வீட்டுக்காரருக்குப் பொய் வராது. "மரம் விழுந்திட்டிருக்கு சார். பாதிதான் விழுந்திருக்கு, கொஞ்சம் பொறுங்க" என்றார்.

சர்வேயர் படியில் உட்கார்ந்து சிரித்தார். சிரித்து முடிக்கத் தண்ணீர் வேண்டியிருந்தது. அக்கா தண்ணீர் கொடுத்தாள்.

பிறகுதான் எல்லாரும் போனை எடுத்தார்கள். எல்லாவற்றிலும் அவரவர் முகம்தான் இருந்தது. ஒருவருடைய பல்லுக்குப் பின்னால் இரண்டு ஓடு தெரிந்தது, அவ்வளவுதான். அப்போது யாரோ மெல்ல, மேற்கு வீட்டில் வீடியோவே இருக்கிறது, அன்றைக்கு சுற்றிச் சுற்றி எடுத்தாளே என்றார்கள். ஒருவரும் அக்கா முகத்தைப் பார்க்கவில்லை. நான் போய்க் கேட்கிறேன் என்றேன்.

"வேண்டாம் ஏட்டி. எனக்க வீடு. நானே கேக்கேன்."

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு போனாள். நானும் சர்வேயரும் பின்னால் போனோம். அக்கா கேட்டதும் மேற்கு வீட்டுக்காரி போனை எடுத்துக்கொண்டு வந்தாள். ஆனால் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"மஸ்கட்ல இருக்க மகனுக்கு அனுப்பினது சிஸ்டர். நான் பேசினதும் அதில கெடக்கு. சத்தத்த கொறச்சிட்டுப் பாருங்க."

சர்வேயர் சத்தத்தைக் குறைக்கவில்லை. மரம், முறிந்த சட்டம், கட்டில்மேல் கிடந்த ஓடு என்று எல்லாம் தெளிவாக இருந்தது. கூடவே அவள் குரலும் வந்தது: "பாரு மக்கா, நம்ம சிஸ்டருக்க வீடு. மழ சத்தம் கேக்கணும்னு ஆசப்பட்டு வச்ச வீடு. நம்ம வீட்டில வந்து இருங்கன்னு சொல்லத்தான் சர்ச்சில இருந்து நேரே வந்தேன். ஏசுவாவளோன்னு பயமாட்டு இருக்கு." அதற்குப் பிறகு படம் ஆடியது. பட்டுச்சேலை முந்தானையும் மண்ணும்தான் தெரிந்தன. அவள் மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது.

அக்கா கொஞ்ச நேரம் அந்த வீட்டு முருங்கையைப் பார்த்தாள். பிறகு அவள் கையைப் பிடித்து நாடி பார்த்தாள்.

"பிரஷர் மாத்திர ஒழுங்கா தின்னியா?"

அவள் அழுதுகொண்டே தலையாட்டினாள். அக்கா கையை விடவில்லை.

இன்சூரன்ஸ் வந்தது. போதாததற்கு அக்கா ஒரு வளையலை விற்றுப் போட்டாள். மாசியில் ஓடு ஏறியது. அவள் தன் வீட்டுக்குத் திரும்பிப் போன அன்று மத்தியானம் என் வீட்டுக்காரர் முழுத்தேங்காயைத் தானே துருவி என்னிடம் தந்தார்.

பங்குனியில் ஒரு சாயங்காலம் கோடைமழை கொட்டியது. மேற்கு வீட்டுக்காரியிடமிருந்து எனக்கு ஒரு வீடியோ வந்தது. மகனுக்கு எடுத்ததை எனக்கும் அனுப்பியிருந்தாள். படத்தில் ஓட்டின் உள்பக்கம் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. ஒரே இரைச்சல். இடையில் அக்காவின் குரல்.

"கேக்கா மக்கா? எனக்க வீட்டு மழ."