நிதானமும் அவர் மனைவியும் கடல்பாலத்துக்குப் போனது

பஸ் டிப்போவில் அவரை எல்லோரும் 'நிதானம்' என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையோடு சரி. வண்டியை அவ்வளவு மெதுவாக ஓட்டுவார். "இந்த வண்டியில ஏறினா இறங்கறதுக்குள்ள தலை நரைச்சிடும்" என்று பயணிகள் முணுமுணுப்பார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். வயதானவர் யாராவது ஏறினால், அவர் கம்பியைப் பிடித்து நகர்ந்து, உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொள்ளும் வரை கண்ணாடியில் பார்த்துவிட்டுத்தான் வண்டியைக் கிளப்புவார்.

அவர் ஓட்டிய தடம் சந்தையில் தொடங்கிக் கடல்பாலத்தில் முடியும். கடலுக்குள் நீளமாக நீட்டிக்கொண்டு நிற்கும் மரப்பாலம் அது. முன்பு சரக்குப் படகுகள் வந்து நின்ற இடம். பிறகு வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்கென்று ஆகிவிட்டது. இருபுறமும் கம்பி, இடையிடையே பெஞ்சு, நுனியில் ஒரு கூரை. அங்கே போய் நின்றால் மலைச்சரிவு அப்படியே கடலில் இறங்குவது தெரியும், பறவைகள் தலைக்கு மேலேயே பறக்கும், அதிர்ஷ்டம் இருந்தால் டால்பின்கூடப் பார்க்கலாம் என்பார்கள். இதெல்லாம் நிதானத்துக்குப் பயணிகள் பேசிக் கேட்டதுதான். ஊரையே கொண்டுபோய் அந்தப் பாலத்தடியில் இறக்கிவிட்ட மனுஷர், ஒரு தடவைகூட அதன் மேல் கால் வைத்ததில்லை. வண்டி நின்றதும் ஸ்டியரிங் மேல் கையை மடித்து, தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிவிடுவார். கண்டக்டர் வந்து தோளைத் தட்டினால் எழுந்து வண்டியைத் திருப்புவார்.

அவர் மனைவிக்கு ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் சலவை நிலையத்தில் வேலை. படுக்கை விரிப்புகள் மலைமலையாக வந்து விழும். இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து உதறி, நீராவி இஸ்திரிப் பெட்டிக்குக் கொடுத்து, மடித்து அடுக்க வேண்டும். ஜன்னல் இருந்தது, ஆனால் தூசி வருமென்று திறக்க விடமாட்டார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது அவள் முகம் வெந்த மாதிரி இருக்கும். வந்ததும் வாசற்படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் உள்ளே போவாள்.

ஒருநாள் கண்டக்டர் வீட்டுக்கு வந்திருந்தார். வாய் ஓயாத மனிதர். டீயைக் கையில் வைத்துக்கொண்டு, பாலத்து நுனியில் டால்பின் கூட்டம் துள்ளியதைக் கையாலும் உடம்பாலும் நடித்துக் காட்டியதில் பாதி டீ தரையில் சிந்தியது. அவள் தரையைத் துடைக்கக்கூட மறந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, நம்மளும் ஒரு நாள் போவோமா?" கண்டக்டர் போனதும் கேட்டாள்.

"எங்க?"

"பாலத்துக்குத்தான். காத்து வாங்கிட்டு வரலாம்."

"நல்லாக் கேட்டே போ. தினம் அங்கதானே போய்ச் சாகறேன். லீவு நாள்லயும் வேலை பாக்கற இடத்துக்கே போவாங்களா யாராவது?"

அவள் சிரித்துவிட்டாள். அதில் நியாயம் இருப்பதாகவே அவளுக்கும் பட்டது. அதன் பிறகும் அவ்வப்போது கேட்பாள், அவரும் அதையே சொல்வார். சண்டை எதுவும் வந்ததில்லை. மகள் பிறந்தாள், படித்தாள், மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள், கல்யாணமாகி நாலு தெரு தள்ளிக் குடிபோனாள். "ரிட்டயர் ஆனதும் போவோம்" என்று நிதானம் சொல்ல ஆரம்பித்தார். ஓய்வு பெற்றதும் முழங்கால் வலி வந்தது. "வெயில் குறையட்டும்" என்றார்.

வெயில் குறைவதற்குள் வேறொன்று வந்து சேர்ந்தது.

சலவை நிலையத்தில் அவளோடு துணி மடிக்கிறவள்தான் முதலில் கவனித்தாள். மடித்து வைத்த விரிப்பையே இவர் மனைவி எடுத்து உதறி மறுபடி மடிக்கிறாள். மடித்து முடித்ததும் மறுபடி உதறுகிறாள். சொன்னால், "அப்படியா? ஞாபகம் இல்லையே" என்று சிரிக்கிறாள். பிறகு ஒருநாள் வீட்டுக்கு வரும் வழி தெரியாமல் சந்தையில் நின்றாள். டாக்டர் படமெடுத்துப் பார்த்து, மூளை சுருங்கிக்கொண்டே போகிறது, நிறுத்த மருந்தில்லை, கூட இருந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்று தன்மையாகச் சொன்னார்.

நிதானம் பார்த்துக்கொண்டார். சமையல், துணி, அவளுக்குத் தலை வாரிவிடுவது எல்லாம் பழகிக்கொண்டார். தலைவாருவதில் மட்டும் மகளுக்குத் திருப்தியில்லை. "அப்பா, வகிடு எடுக்கச் சொன்னா உங்க பஸ் ரூட்டு மாதிரி வளைச்சு வளைச்சு எடுத்திருக்கீங்க" என்பாள்.

ஒருநாள் காலையில் அவர் டம்ளரை நீட்டியபோது, அவள் அவர் முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "உங்களுக்கு எதுக்கு அண்ணே சிரமம்?"

ஆயுசு முழுக்க 'ஏங்க' என்று கூப்பிட்ட வாய். அடுக்களையில் நின்ற மகளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினாள். அங்கே போனதும் அது அழுகையாகிவிட்டது. "சிரமம் ஒண்ணுமில்லம்மா, குடி" என்றார் நிதானம்.

அந்த மாசத்திலேயே அவள் காணாமல் போனாள். அவர் குளித்துவிட்டு வந்தபோது கதவு திறந்து கிடந்தது. முழங்கால் வலியெல்லாம் எங்கே போனதோ, தெருவில் ஓடினார். முனையில் பஸ் நிறுத்தத்தில் அவள் நின்றுகொண்டிருந்தாள். நல்ல உடுப்பு, மேலே நீல ஸ்வெட்டர், அதைத் திருப்பிப் போட்டிருந்தாள். தோளில் பை.

மூச்சு வாங்க, "எங்கம்மா கிளம்பிட்டே?" என்றார்.

"கடல்பாலத்துக்கு அண்ணே. இவர் வரமாட்டார். நான் மட்டும் ஒரு எட்டு பாத்துட்டு, இவர் வர்றதுக்குள்ள வந்துடுவேன்."

வீட்டுக்குக் கூட்டிப்போகத்தான் அவர் கையை நீட்டினார். அதற்குள் பஸ் வந்துவிட்டது, அவர் ஓட்டிய அதே தடத்து வண்டி. அவள் ஏறினாள். அவரும் ஏறினார்.

புது டிரைவர் இளவட்டம். வளைவில் வண்டி சாய்ந்து எழுந்தது. அவள் முன்கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு அவர் பக்கம் குனிந்தாள். "என்ன இப்படிப் பறக்கறான்? என் வீட்டுக்காரரும் டிரைவர்தான் அண்ணே. அவர் வண்டியில ஒரு குலுக்கல் இருக்காது. தூக்கமே வரும்."

"அப்படியா?" என்றார் நிதானம்.

பாலத்தின் தொடக்கத்தில் அவர் கால் தயங்கியது. பலகை இடுக்குகளுக்குக் கீழே தண்ணீர் அசைந்தது. அவளுக்கு அந்தத் தயக்கம் எதுவும் இல்லை, பைய நடந்தாள். காற்று வந்து முகத்தில் அறைந்தது. அவள் நின்று கண்ணை மூடிக்கொண்டு, வாயைக் கொஞ்சம் திறந்து, அந்தக் காற்றைக் குடிப்பதுபோல நின்றாள். அந்த முகத்தைப் பார்த்ததும், சாயங்காலம் வாசற்படியில் உட்கார்ந்திருந்த அந்த வெந்த முகம் அவர் நினைவுக்கு வந்தது. இது எவ்வளவு சின்ன விஷயமாக இருந்திருக்கிறது என்று நினைத்தார். வண்டிச் சாவியைக் கண்டக்டர் கையில் கொடுத்துவிட்டு, வெறும் ஐம்பது அடி நடந்திருந்தால் போதும்.

ஒரு மரத்தூணின் தலையில் நீர்க்காகம் ஒன்று இரண்டு இறக்கையையும் விரித்து அசையாமல் நின்றது. இறக்கையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"பாருங்கண்ணே, பிழியாம காயப்போட்டுட்டாங்க" என்றாள்.

அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். கீழே ஜெல்லி மீன்கள் வெள்ளை வெள்ளையாக மிதந்துபோயின. அதைப் பார்த்து, துணிக்குப் போடும் கஞ்சி கட்டி தட்டிவிட்டது, சூடு போதவில்லை, இனி இதைத் துணிக்குப் போட்டால் திட்டுத்திட்டாக நிற்கும் என்று கவலைப்பட்டாள். "அப்புறம் சூப்பர்வைசர் எங்களைத்தான் பிடிச்சுக்குவார்." கடற்காக்கைகள் கத்திக்கொண்டு தாழப் பறந்தபோது, குழந்தையைப்போல அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். நுனிக் கூரையின் கீழே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். எதிரே மலைச்சரிவு பச்சையாகக் கடலில் இறங்கிக்கொண்டிருந்தது. அலை வந்து அதன் காலடியில் வெள்ளையாக உடைந்தது.

"நல்லா இருக்குல்ல?" என்றாள்.

"நல்லா இருக்கும்மா."

"அவரைக் கேட்டுக் கேட்டுப் பாத்தேன். வரவே மாட்டேன்னுட்டார்."

நிதானம் கம்பியையே பார்த்தார். "அவர் மேல கோபமா உனக்கு?"

அவள் யோசித்தாள். யோசிக்க ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாள், கேள்வியையே மறந்துவிட்டாள் என்று அவர் நினைத்தபோது சொன்னாள்: "கோபமெல்லாம் இல்ல. அசதி அவருக்கு. ஸ்டியரிங்கைப் பிடிச்சுப் பிடிச்சுத் தூக்கத்துலகூடக் கை மடங்கியே இருக்கும். நான்தான் பிரிச்சு விடுவேன்."

அது அவருக்குத் தெரியாது. இத்தனை வருஷத்தில் அவள் சொன்னதே இல்லை. நான்தான் அது, இதோ பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தார். சொன்னால் பயந்துவிடுவாளோ என்று தோன்றியது. ஒரு அந்நிய ஆண் தன்னைப் புருஷன் என்று சொல்கிறான் என்று அலறினால் என்ன செய்வது? வாயை மூடிக்கொண்டு, காற்றில் பறந்த அவள் முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிடப் போன கையையும் பாதியில் மடக்கிக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் அவளுக்குப் பரபரப்பு வந்துவிட்டது. "போகணும் அண்ணே. அவர் வந்திருப்பார். வந்து பாத்தா வீடு பூட்டிக் கிடக்கும்."

வீட்டுக்கு வந்ததும் அவள் ஒவ்வொரு அறையாகப் போய்ப் பார்த்தாள். குளியலறைக் கதவைத் தட்டினாள். "இன்னும் வரலையே" என்று வாசலுக்கும் உள்ளுக்குமாக அலைந்தாள். விஷயம் கேள்விப்பட்டு வந்திருந்த மகள், "அம்மா, அப்பா இதோ நிக்கறார் பாரு" என்று அவரைக் காட்டினாள். அவள் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மகளைக் கோபமாக முறைத்தாள்.

நிதானத்துக்கு ஒன்று தோன்றியது. பெட்டியைத் திறந்து பழைய காக்கிச் சட்டையை எடுத்தார். பின்வாசல் வழியாகத் தெருவுக்குப் போய்ப் போட்டுக்கொண்டார். பொத்தான் வயிற்றில் முட்டியது. முன்வாசலுக்கு வந்து, டிப்போவிலிருந்து வருகிறவரைப்போலச் செருப்பை உதறிவிட்டுக் கதவைத் தட்டினார். உள்ளே அவள் ஓடி வரும் சத்தம் கேட்டது.

கதவைத் திறந்தவள் அவரைப் பார்த்தாள். முகத்தில் வந்த சந்தோஷம் அப்படியே வடிந்தது.

"வாங்கண்ணே. டிப்போவுலேர்ந்தா? இவர் இன்னும் வரலையே. உட்காருங்க, வந்துடுவார்."

அவர் உட்கார்ந்தார். அவளும் எதிரே உட்கார்ந்தாள். இருவரும் அவருக்காகக் காத்திருந்தார்கள். மகள் அடுக்களையில் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு மழைக்காலம் வரும் வரை அடிக்கடி பாலத்துக்குப் போனார்கள். ஒவ்வொரு தடவையும் அவளுக்கு அது முதல் தடவைதான். ஒவ்வொரு தடவையும் புருஷன் கூட்டி வராத குறையைச் சொல்வாள். அவரும் முதல் தடவை கேட்பதுபோலக் கேட்டுக்கொள்வார். ஒருநாள் பெஞ்சில் அவர் பக்கம் திரும்பி, "உங்க வீட்டுல யாரும் இல்லையா அண்ணே? எப்பவும் என்கூடவே இருக்கீங்களே" என்றாள்.

"இருக்காங்க."

"அப்ப போங்க. பாவம், தேடுவாங்க."

"போறேன்" என்றார். அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

மழை பிடித்ததும் அவளுக்கு நெஞ்சில் சளி கட்டியது. பிறகு எழவேயில்லை. சாப்பாடு இறங்கவில்லை, பேச்சும் குறைந்து நின்றுபோனது. ஒரு மத்தியானம், மகள் ஈரத்துணியால் உதட்டைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே மூச்சு அடங்கியது. நிதானம் கால்மாட்டில் நின்றிருந்தார். எல்லாக் காரியத்தையும் தன் வேகத்திலேயே செய்து முடித்தார். வந்தவர்களை உட்கார வைத்தார், போகிறவர்களைத் தெருமுனை வரை கொண்டுபோய் விட்டார். அவர் கண்ணில் பொட்டு நீர் வரவில்லை. கண்டக்டர்தான் கூடத்தில் உட்கார்ந்து விம்மினார். அவரை இவர் தேற்ற வேண்டியிருந்தது.

கொஞ்ச நாள் கழித்து, சலவை நிலையத்தில் அவளோடு துணி மடித்தவள் ஒரு பையோடு வந்தாள். அங்கே இவர் மனைவியின் அலமாரியை வேறு ஆளுக்குக் கொடுக்கப்போகிறார்களாம். உள்ளே இருந்ததை எடுத்து வந்திருந்தாள். ஒரு சீப்பு, ஒரு துண்டு, ஈரத் தரையில் நிற்கும்போது போட்டுக்கொள்ளும் ரப்பர் செருப்பு. வலது செருப்பில் பெருவிரல் அழுந்திய பள்ளம் இடதைவிட ஆழமாக இருந்தது.

"இப்ப உங்ககூட யார் மடிக்கறாங்க?" என்று கேட்டார் நிதானம்.

"புதுசா ஒரு பொண்ணு. கைக்குக் கை சேர மாட்டேங்குது அண்ணே. முனையைப் பிடிச்சதும் இழுத்துடறா. அவங்கன்னா நான் உதறதுக்கு முன்னாலயே உதறிடுவாங்க." அவள் தன் இரண்டு கைகளையும் நீட்டி, இல்லாத விரிப்பொன்றின் முனைகளைப் பிடித்துக் காட்டினாள். அப்படியே நிறுத்திக்கொண்டு தலையைக் குனிந்தாள்.

நிதானம் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பார்த்தார். எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அப்படியே நின்றவாக்கில் அவருக்கு அழுகை வந்தது. வந்தவள் எழுந்து, கேட்காமலே அடுக்களைக்குள் போய் டீக்குத் தண்ணீர் வைத்தாள். அவர் அழுது முடிக்கிற வரை வெளியே வரவில்லை.